குருதிச் சோதனையும் மக்கள் வாய்மொழியும்: எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் சமுதாய அறிவியல் பெற்ற இடம்

1. முன்னுரை

நோய்களின் வரலாறு மருத்துவ நூலார்க்கே உரியது என்பது பலரும் கொண்டுள்ள கருத்தாகும். நோயைத் தோற்றுவிப்பது நுண்ணுயிர். அதனைக் காட்டுவது ஆய்வுக்கூடம். அதனைத் தணிப்பது மருந்து. இவற்றிற்கு அப்பால் வரலாற்று மாணவன் அறிய வேண்டுவது யாது என அவர் வினவுவர். ஆயின், ஒரு நோய் எவரிடம் தேடப்பட்டது, எவரிடம் தேடப்படாது விடப்பட்டது, நோயுற்றோர் மருத்துவமனையின் வாயிலை மிதித்தனரா, மிதியாது திரும்பினரா, திரும்பினராயின் எதற்கு அஞ்சித் திரும்பினர் என்னும் வினாக்களுக்கு நுண்ணோக்கி விடை தாராது. அவ்விடைகள் மக்களுடைய வாழ்க்கையிலும் வழக்கத்திலும் மொழியிலும் பொதிந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடிக் காண்பது சமூகவியல், மானிடவியல், புள்ளியியல் முதலிய சமுதாய அறிவியல்களின் பணியாகும்.

எச்.ஐ.வி. என்னும் வைரசின் தொற்று இந்தியாவில் முதன்முதல் 1986-ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறியப்பட்டது. அன்று தொடங்கி, தொற்றுடையார் உரிமைகளைக் காக்கும் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது வரையுள்ள முப்பத்திரண்டு ஆண்டு வரலாற்றைத் தமிழகத்தை நடுவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது. ஒப்புநோக்கும் பொருட்டு வங்கத்துச் செய்தி ஒன்றும் உடன் வைக்கப்படுகின்றது. ஈண்டு நிறுவக் கருதுவது ஒன்றே. யாரைக் கேட்டனர் என்பதே என்ன அறிந்தனர் என்பதை வரையறுத்தது. சோதனைக்கு உரிய பொருளாக மட்டும் கருதப்பட்ட மக்கள், சொல்வோராகவும், பின்னர்க் கேட்போராகவும் ஆன பொழுதே அறிவு திருந்தியது. அறிவு திருந்தவே பணியும் திருந்தியது.

2. முதற் கண்டுபிடிப்பு

1981-ஆம் ஆண்டு சூன் திங்களில், அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இளைஞர் ஐவர்க்கு நேர்ந்த அரியதொரு நுரையீரல் நோய் பற்றிய குறிப்பு வெளிவந்தது. 1983-இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வு நிலையத்தார் அதற்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தனர். 1985-இல் குருதியைச் சோதிக்கும் முறை வழக்கிற்கு வந்தது. இச்செய்திகளைக் கேட்ட இந்தியர் பலரும், இது மேனாட்டார்க்கு உரிய நோய் என்றும், ஒருவனுக்கு ஒருத்தி என்னும் அறம் ஓங்கிய நம் நாட்டில் இதற்கு இடமில்லை என்றும் எண்ணி அமைந்தனர். அவ்வமைதி சான்றின்மேல் நின்றதன்று, நம்பிக்கையின்மேல் நின்றது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்த டாக்டர் சுனிதி சாலமன் அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க விழைந்தார். தம் மாணவியாகிய டாக்டர் செல்லப்பன் நிர்மலாவிடம் அதனை ஆய்வுப் பொருளாக ஒப்படைத்தார். இங்கு ஒரு செய்தி கருதத்தக்கது. பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் பாலியல் தொழிலுக்கெனத் தனித் தெருக்கள் இருந்தன; சென்னையில் அத்தகைய தெரு இல்லை. எனவே நிர்மலா, பால்வினை நோய்க்கு மருத்துவம் பெற வந்த பெண்களை மருத்துவமனையில் முதலிற் கண்டார். அவர்வழி, அத்தொழில் பற்றிப் பிடிக்கப்பட்ட பெண்கள் வைக்கப்பட்டிருந்த அரசுக் காப்பகத்தை அறிந்தார். ஆங்குக் குருதி மாதிரிகளைத் திரட்டினார். சோதனைக்குரிய வசதி சென்னையில் இன்மையின், மாதிரிகளை இரயிலில் வேலூர்க்குக் கொண்டு சென்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதித்தார். ஆறு மாதிரிகள் தொற்றைக் காட்டின. அமெரிக்காவில் நிகழ்ந்த மறுசோதனையும் அம்முடிவை உறுதி செய்தது. அவ்வாண்டே சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் இதனை அறிவித்தார்.

இக்கண்டுபிடிப்பின் பெருமையைக் குறைத்து மதிப்பிடுவார் எவரும் இலர். நாடு விழித்தெழுவதற்கு இதுவே காரணமாயிற்று. ஆயினும் அம்மாதிரிகள் கிடைத்த இடம் மறக்கத்தக்கதன்று. தனித் தெரு இல்லாத நகரில், அத்தொழிலாளரைக் காண்டற்கு எளிய இடம் அவரை அடைத்து வைத்த இடமே ஆயிற்று. இஃது ஆய்வாளர்தம் குறையன்று. அன்றைய சட்டமும் சமுதாயமும் வகுத்த நிலை. ஆனால் அதன் விளைவு நெடுங்காலம் நின்றது. குருதி மாதிரி ஒன்று, இவருக்குத் தொற்று உண்டு என்று கூறும். எவரால் வந்தது என்று கூறாது. அப்பெண்களிடம் வந்து சென்ற ஆடவருள் எவரும் சோதிக்கப்பட்டிலர். சோதிக்கப்பட்டவரிடம் காணப்பட்டதனாலேயே நோய் அவருக்கு உரியது எனச் சமுதாயம் தீர்ப்புக் கூறிற்று. காணப்பட்டவிடத்தைப் பிறப்பிடம் எனக் கொள்ளும் இம்மயக்கம், பின்வந்த பத்தாண்டுப் பிழைகட்கெல்லாம் வித்தாயிற்று.

3. அடைத்து வைத்தலும் அதன் விளைவும்

நோய் சிலர்க்கே உரியது எனின், அச்சிலரை அகற்றி வைத்தலே மருந்து எனத் தோன்றுதல் இயல்பு. அவ்வாறே நிகழ்ந்தது. தமிழகத்தில் தொற்றுடைய பெண்கள் சிலர், காப்பகத்தில் இருத்தற்குரிய காலம் முடிந்த பின்னரும் விடுவிக்கப்படாது வைக்கப்பட்டனர். 1990-இல் வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற பின்னரே அவர்க்கு விடுதலை கிடைத்தது. கோவாவில் மாநிலப் பொதுச் சுகாதாரச் சட்டம் தொற்றுடையாரைத் தனிமைப்படுத்த இடந்தந்தது. அதன்படி, குருதிக் கொடை அளித்து வந்த டொமினிக் டிசூசா என்னும் இளைஞர் 1989-ஆம் ஆண்டில் மாப்புசா நகரில் 64 நாள் அடைத்து வைக்கப்பட்டார். பிறர்க்கு உதவும் பொருட்டுக் குருதி ஈந்த செயலே அவரைக் காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டில் மாநிலங்களவையில் எய்ட்ஸ் தடுப்பு மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. கட்டாயமாகச் சோதித்தலையும் தனிமைப்படுத்தலையும் வழியாகக் கொண்ட அம்மசோதா, பல திறத்தார் எதிர்ப்பினால் பின்னர்க் கைவிடப்பட்டது.

அடைத்து வைத்தல் அறத்திற்கு மாறானது என்பது வெளிப்படை. அஃது அறிவுக்கும் மாறானது என்பதே ஈண்டு வற்புறுத்தத்தக்கது. சோதனைக்குப் பின் சிறை என அறிந்த எவனும் சோதனைக்கு வாரான். வாராதவன் தொற்றைத் தானும் அறியான், அரசும் அறியாது. அஞ்சி மறைந்தோர் பெருகுந்தோறும், கையகப்பட்ட சிலரைக் கொண்டே முழு உண்மையையும் கணிக்கும் நிலை ஏற்படும். ஆகவே அச்சுறுத்தும் முறை நோயைத் தடுக்கத் தவறியதோடு, நோய் எங்குள்ளது என்று காணும் கண்ணையும் மறைத்தது.

4. சோனாகாச்சியிற் கண்ட பாடம்

இந்நிலையில் 1992-ஆம் ஆண்டு கல்கத்தாவில் வேறொரு முயற்சி தொடங்கிற்று. அகில இந்தியச் சுகாதாரப் பொதுநல நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்மரஜித் ஜானா, சோனாகாச்சி என்னும் பகுதியில் வாழ்ந்த பாலியல் தொழிலாளரிடையே நோய்த் தடுப்புப் பணியை மேற்கொண்டார். பணிக்கு முன் கணக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டது. எப்பொழுதும் ஆணுறை பயன்படுத்துவோர் நூற்றுக்கு மூவரினும் குறைவு என்பது அதனாற் புலனாயிற்று. அறியாமையே காரணம், அறிவுறுத்தினாற் போதும் என்பது மருத்துவர் வழக்கமாகச் சொல்லும் முடிவு. ஆனால் அப்பெண்களோடு இருந்து பேசியபொழுது வெளிப்பட்ட உண்மை வேறு. பல ஆண்டு கழித்து வரக்கூடிய நோயைக் காட்டிலும், அன்றாடம் வட்டிக்குக் கடன் கொடுத்தவனும், காவலரும், போக்கிரிகளும், குழந்தைகளுக்குப் பள்ளி கிடையாமையுமே அவர்க்குப் பெருந்துன்பங்களாக இருந்தன.

ஆணுறை பற்றியும் அவர் கூறிய காரணம் ஆழமானது. தனியொருத்தி வற்புறுத்தினால் வந்தவன் அடுத்த வீட்டிற்குச் செல்வான். அன்றைய உணவு அவளுக்கு இல்லையாகும். தெருவிலுள்ள அனைவரும் ஒருங்கே வற்புறுத்தினால் அவன் செல்ல வேறிடம் இல்லை. எனவே இது தனியொருத்தியின் அறிவைப் பொறுத்ததன்று. அனைவர்தம் ஒற்றுமையைப் பொறுத்தது. நோய்த் தடுப்பு என்னும் மருத்துவச் சிக்கல், கூட்டுறவு என்னும் சமுதாயச் சிக்கலாக இவ்வாறு மாறிற்று. அத்தொழிலாளருள்ளிருந்தே சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டு, பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று பேசினர். 1995-இல் அவர்கள் துர்பார் மகளிர் ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தனர். அவ்வாண்டே உஷா என்னும் கூட்டுறவுச் சங்கமும் தோன்றிற்று. இல்லத்தரசிகள் எனப் பதிவு செய்துகொள்ளலாம் என்று அதிகாரிகள் கூறியபொழுது, தம் தொழிலின் பெயராலேயே பதிவு வேண்டும் என அவர் நின்றனர் என்பது அச்சங்க வரலாற்றிற் குறிக்கத்தக்க செய்தி. கடன்காரன் பிடி தளரவே, வந்தவனிடம் மறுத்துரைக்கும் துணிவு அவர்க்கு வந்தது. பத்தாண்டு முடிவதற்குள் ஆணுறைப் பயன்பாடு பெரும்பான்மையாயிற்று. பம்பாயிற் கண்ட அளவு தொற்று அங்கே பரவவில்லை.

மதித்தல், சார்ந்து நிற்றல், தொழிலையும் உரிமையையும் ஏற்றல் என்னும் மூன்றினையும் ஜானா தம் பணியின் அடிப்படைகளாகக் கூறுவார். இவற்றை அருளுரையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இவை ஆராய்ச்சி முறைகளும் ஆகும். மதிக்கப்படாதவர் உண்மை கூறார். உண்மை கூறப்படாத கணக்கெடுப்பு வெறும் எண்களின் தொகுதியே.

5. தமிழகம் மேற்கொண்ட வழி

சோனாகாச்சி முறையை அவ்வண்ணமே தமிழகத்திற்குக் கொண்டுவருதல் இயலவில்லை. முன்னரே கூறியாங்கு, இங்குத் தனித் தெரு இல்லை. பாலியல் தொழில் பேருந்து நிலையங்களிலும், நெடுஞ்சாலை ஓரங்களிலும், வாடகை வீடுகளிலும் சிதறிக் கிடந்தது. அதில் ஈடுபட்டோருட் பலர் குடும்பத்தோடு வாழ்பவர். பகலில் வேறு வேலை செய்பவர். தெருவை ஒருங்கு திரட்டும் முறை, தெருவே இல்லாதவிடத்துப் பயன்படாது. இடம் நோக்கி முறையை மாற்ற வேண்டும் எனின், அவ்விடத்தை முதலில் அறிதல் வேண்டும். இத்தேவையே தமிழகத்தில் சமுதாய ஆய்விற்கு நிலையான இடத்தைத் தேடித் தந்தது.

1994-ஆம் ஆண்டில் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அரசுத் துறையாக இராது, விரைந்து முடிவெடுக்கும் சங்கமாக அமைந்த அது, நாட்டில் இவ்வகையில் முதலாவது; பின்னர்ப் பிற மாநிலங்களும் இம்முறையை மேற்கொண்டன. 1995-இல் தன்னார்வ நலச் சேவைச் சங்கத்தின் வாயிலாக, அமெரிக்க உதவியுடன் ஏபேக் என்னும் திட்டம் தமிழகத்திற் செயற்படத் தொடங்கிற்று. இத்திட்டத்தார் 1996 முதல் ஆண்டுதோறும் நடத்திய நடத்தைக் கண்காணிப்பு ஆய்வே நாம் சிறப்பாக நோக்கத்தக்கது. பாலியல் தொழிலாளர், லாரி ஓட்டுநர், அவர்தம் உதவியாளர், தொழிற்சாலைத் தொழிலாளர், மாணவர் எனப் பல திறத்தாரிடமும் ஒரே வினாக்கள் ஆண்டுதோறும் கேட்கப்பட்டன.

இவ்வாய்வின் அடிப்படைக் கருத்து எளியது; ஆயினும் புதியது. இன்று ஒருவர் குருதியிற் காணப்படும் தொற்று, சில ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த ஒன்றன் சுவடு. இன்று அவர் நடந்துகொள்ளும் முறையோ நாளைய தொற்றின் முன்னறிவிப்பு. குருதியை மட்டும் நோக்குவோர் கடந்ததை அறிவர். நடத்தையையும் கேட்டறிவோர் வருவதைத் தடுக்க முற்படலாம்.

கேட்டறிதல் எளிதன்று. இப்பொருள் பற்றிய ஏட்டுச் சொற்கள் மக்களுக்கு விளங்கா. மக்கள் வழங்கும் சொற்களோ அவையிற் கூறத்தகாதன எனக் கருதப்படுவன. கேட்போர் விரும்பும் விடையைக் கூறிவிடுதலும் மனித இயல்பு. எனவே வினா எந்தச் சொல்லால் அமைய வேண்டும், எவர் கேட்க வேண்டும், எங்கே தனித்திருந்து கேட்க வேண்டும் என்பவை ஆய்வின் உயிர்நிலைகள் ஆயின. மொழியியலும் வழக்காற்றியலும் பயின்றார் இதன்கண் ஆற்றத்தக்க பணி பெரிது என்பதை இவ்விதழின் வாசகர் எளிதில் உணர்வர்.

மறைந்து வாழ்வோரை எண்ணுதற்கும் ஒரு முறை வேண்டியிருந்தது. வீடுதோறும் சென்று எண்ணும் வழக்கமான முறை அவரிடம் செல்லாது. 1997-இல் அமெரிக்கச் சமூகவியலறிஞர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன், அறிமுகம் வழியாகப் பரவும் மாதிரி முறை ஒன்றை வகுத்தார். ஒருவர் தாம் அறிந்த சிலரைச் சீட்டுக் கொடுத்து அழைப்பார்; அவர் தாம் அறிந்த வேறு சிலரை அழைப்பர்; ஒவ்வொருவர்க்கும் உள்ள தொடர்புகளின் அளவைக் கொண்டு கணக்குத் திருத்தப்படும். இந்தியாவிற் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் பலவற்றில் இம்முறை கையாளப்பட்டது. காப்பகத்தில் அடைபட்டிருந்தவரைத் தேடிச் சென்ற 1986-ஆம் ஆண்டு முறையையும், ஒருவரையொருவர் தாமே அழைத்துவரும் இம்முறையையும் ஒப்பிட்டால், இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சி கடந்த தொலைவு புலப்படும்.

6. இல்லற மகளிர்

யாரைக் கேட்டனர் என்னும் வினாவின் வன்மையை நன்கு காட்டுவது திருமணமான மகளிர் பற்றிய செய்தியாகும். தொடக்க ஆண்டுகளில் தடுப்புப் பணியாளர் எவரும் இவரை நோக்கிற்றிலர். தீய ஒழுக்கத்தால் வருவது நோய் எனின், இல்லறத்தார்க்கு அஃது எவ்வாறு வரும் என்பது அவர் எண்ணம். சுனிதி சாலமன் 1993-இல் சென்னையில் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்திற்கு வந்த தொற்றுடைய பெண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவருட் பத்தில் எட்டுப் பேர்க்கு மேற்பட்டோர் தம் கணவரையன்றி வேறு எவரோடும் தொடர்பு இல்லாதவர் என்பது அதனால் வெளிப்பட்டது.

இம்முடிவு ஒரு நம்பிக்கையைத் தலைகீழாக்கிற்று. எந்த அறம் நோயினின்று காக்கும் என நாடு எண்ணியதோ, அவ்வறத்தின் வழி நின்றவரே காப்பின்றி நின்றனர். கணவனிடம் ஆணுறையை வேண்டுதல் அவன்பால் ஐயங்கொள்ளுதலாகும். குழந்தை வேண்டும் குடும்பத்தில் அது மறுப்பும் ஆகும். அவள் அறியாமையால் அன்று, அதிகாரம் இன்மையால் நோயுற்றாள். கணவன் இறந்தபின் அவளே நோயைக் கொணர்ந்தவள் எனப் புகுந்த வீட்டார் பழிப்பதும், சொத்துரிமையை மறுப்பதும் பல இடங்களில் நிகழ்ந்தன. லாரித் தொழிலுக்குப் பேர்பெற்ற நாமக்கல் வட்டாரத்தில், கருவுற்ற மகளிரிடையே தமிழகத்திற் பிற இடங்களினும் மிகுந்த தொற்றுக் காணப்பட்டது. நெடுஞ்சாலையும் இல்லமும் வேறு வேறல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இப்பெண்கள் பிறர் ஆய்வுக்குப் பொருளாக மட்டும் அமைந்துவிடவில்லை. 1998-இல் சென்னையில் தொற்றுடைய மகளிர் தமக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவினர். அதற்கு முந்திய 1997-இல் தொற்றுடையோர்தம் இந்தியக் கூட்டமைப்பும் இந்நகரிலேயே தோன்றியிருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளில் இவர்கள் வினாக்களைத் திருத்தினர், ஆலோசகராகப் பணியாற்றினர், மருத்துவமனைகளில் தாம் கண்ட குறைகளை அதிகாரிகட்கு எடுத்துரைத்தனர். தடுப்புப் பணியின் நோக்கும் மெல்ல ஆடவர்பாற் சென்றது. 2003 அளவில் தமிழக நகரங்களின் சுவர்களிலும் பலகைகளிலும் தோன்றிய புள்ளி ராஜா என்னும் கற்பனை மாந்தன் இம்மாற்றத்திற்கு ஒரு சான்று. அவனுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரத்தை நகைத்தோரும் வெறுத்தோரும் பலர். ஆயினும், பெண்ணைச் சுட்டிய விரல் அன்று ஆடவனை நோக்கித் திரும்பிற்று என்பது வரலாற்று உண்மை.

7. எண்ணிக்கை திருந்திய வரலாறு

மாதிரி கிடைக்கும் இடம் முடிவை மயக்கும் என்பதற்குப் பெருஞ்சான்று 2007-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதுகாறும் நாட்டின் தொற்றளவு, பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கருவுற்ற மகளிரையும், பால்வினை நோயாளரையும் சோதித்துக் கணிக்கப்பட்டது. அவ்வழி, இந்தியாவில் தொற்றுடையோர் ஏறத்தாழ 52 இலட்சம் எனத் தேசிய நிறுவனம் கூறிற்று. ஐக்கிய நாடுகளின் அமைப்பு 57 இலட்சம் என்றது. உலகில் தொற்றுடையோர் மிக்க நாடு இந்தியா என்னும் பேச்சும் எழுந்தது.

ஆந்திரத்துக் குண்டூர் மாவட்டத்தில் டாக்டர் லலித் தண்டோனாவும் அவர்தம் குழுவினரும் பொதுமக்களிடையே நேரிற் சென்று குருதியைச் சோதித்தனர். 2006-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, மாவட்டத்தின் உண்மை அளவு, மருத்துவமனை வழிக் கணிப்பிற் பாதியினும் குறைவாக இருந்தது. காரணம் மருத்துவத்தைச் சார்ந்ததன்று, சமுதாயத்தைச் சார்ந்தது. அரசு மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் ஏழையர். அன்றியும், தொற்று இருக்கலாம் என ஐயுற்ற நோயாளரைத் தனியார் மருத்துவர் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவர். எனவே ஆங்குத் தொற்று மிகுதியாகக் காணப்பட்டது. விலக்கப்பட்டோர் ஓரிடத்தே திரண்டமையைக் கணிப்பாளர் நாட்டின் பொதுநிலை எனக் கொண்டனர்.

2005–06-இல் நிகழ்ந்த மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரின் குருதி சோதிக்கப்பட்டது. அதனையும் விரிவாக்கப்பட்ட கண்காணிப்பு நிலையங்களின் செய்திகளையும் இணைத்து 2007-இற் கணித்தபொழுது, தொற்றுடையோர் ஏறத்தாழ 25 இலட்சம் எனத் தெளிவாயிற்று. எண் பாதியாகக் குறைந்தமை நோய் குறைந்தமையால் அன்று. அறிவு திருந்தியமையால் என்க.

நோயும் ஒருபாற் குறைந்து வந்தது. தமிழகம் உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 15 முதல் 24 வயது வரையுள்ள கருவுற்ற மகளிரிடையே தொற்று 2000-இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004-இல் 1.1 விழுக்காடாகத் தாழ்ந்தது என 2006-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. இத்தாழ்வு முழுவதும் சமுதாய ஆய்வின் பயன் எனக் கூறுதல் மிகைபடக் கூறலாகும். ஆணுறை, பால்வினை நோய் மருத்துவம், பாதுகாப்பான குருதி வங்கி, மக்களிடையே எழுந்த அச்சம் முதலிய பல காரணங்கள் ஒருங்கு இயைந்தன. ஆயினும், இவை எவரிடம், எங்கே, எவ்வாறு சேர வேண்டும் என்று காட்டியது அவ்வாய்வே என்பதில் ஐயமில்லை.

8. மருந்து வந்த பின்னரும் நீடித்த தடை

2001-இல் இந்திய நிறுவனமாகிய சிப்லா, ஒரு நாளைக்கு ஒரு டாலரினும் குறைந்த விலையிற் கூட்டு மருந்தினைத் தர முன்வந்தது. 2004-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் அதனை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. அவ்வெட்டனுள் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. காச நோயாளர்க்கென 1928-இல் டாக்டர் சௌரி முத்து தோற்றுவித்த அந்நிலையம், பிற இடங்களில் ஏற்கப்படாத எய்ட்ஸ் நோயாளர்க்கும் புகலிடமாயிற்று. ஆந்திரத்திலிருந்தும் மக்கள் அங்கு வந்தனர்.

மருந்து கிடைத்த பின்னர்ச் சமுதாய அறிவியலுக்கு வேலை இல்லை என்று கருதியோர் உண்டு. நிகழ்ந்ததோ மறுதலை. மருந்து வாழ்நாள் முழுதும் உண்ணத்தக்கது. அதனை வாங்க ஒருவர் மீண்டும் மீண்டும் குறித்த வாயிலில் நிற்க வேண்டும்; நின்றால் பிறர் காண்பர். இவ்வச்சமே பலரையும் தடுத்தது. இழிவுக்குறி பற்றி 1963-இல் சமூகவியலறிஞர் எர்விங் காஃப்மன் எழுதிய நூல் இதனை விளக்கத் துணையாயிற்று. 2003-இல் ரிச்சர்ட் பார்க்கர், பீட்டர் ஆகிள்டன் என்னும் இருவரும் அக்கருத்தை மேலும் கொண்டு சென்றனர். இழிவு தனிமனிதர் உள்ளத்து வெறுப்பு மட்டுமன்று. முன்பே உள்ள ஏற்றத்தாழ்வுகளை நிலைநிறுத்தும் ஆற்றல் எனக் காட்டினர். பம்பாயிலும் பெங்களூரிலும் ஷாலினி பரத் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விழிவு மருத்துவமனைக்கு உள்ளேயே மிகுதியாக நிகழ்ந்தமையைப் புலப்படுத்திற்று. நோயாளர் வரவில்லை என்று குறைகூறிய நிலையங்களே அவரை வாராமற் செய்தன.

இங்குத் தமிழ்ச் சொற்களின் வரலாறும் நோக்கத்தக்கது. எய்ட்ஸ் நோய்க்கு நாளிதழ்களும் சுவரொட்டிகளும் வழங்கிய பெயர் உயிர்க்கொல்லி நோய் என்பது. மருந்தில்லாத காலத்தில் அஃது உண்மையைக் கூறிற்று. மருந்து வந்த பின்னர் அச்சொல் பொய்யாயிற்று; பொய்யானதோடு கேடும் ஆயிற்று. கொல்லும் என்று உறுதியாகச் சொல்லப்பட்ட நோய்க்குச் சோதனை செய்துகொள்வானேன் என எண்ணுதல் இயல்பன்றோ? இதனை உணர்ந்தோர், ஆலோசனையும் சோதனையும் நிகழும் நிலையத்திற்குத் தமிழகத்தில் நம்பிக்கை மையம் எனப் பெயரிட்டனர். நோயின் பெயரே வாராத பெயர் அது. எய்ட்ஸ் நோயாளி என்னும் வழக்கு நீங்கி, எச்.ஐ.வி. உள்ளோர் என்னும் வழக்குத் தோன்றிற்று. வரைவின் மகளிர் என்றும் விலைமகளிர் என்றும் நூல்கள் கூறிவந்தவிடத்துப் பாலியல் தொழிலாளர் என்னும் சொல் வந்தது. முன்னவை ஒழுக்கத்தை அளந்து பெயரிட்டன. பின்னது தொழிலை மட்டும் சுட்டி, மனிதரைத் தீர்ப்பினின்று விடுவித்தது. சொல் மாறியதால் மட்டும் வாழ்வு மாறிவிடாது. ஆயினும் எச்சொல்லால் அழைத்தால் ஒருவர் வருவார், எச்சொல்லால் அழைத்தால் மறைவார் என்பது மருத்துவப் பணியின் வெற்றி தோல்விகளைத் தீர்க்கும் செய்தியே ஆகும்.

2011-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று இத்தேவையை மேலும் மிகுவித்தது. ஒன்பது நாடுகளில் 1,763 இணையரிடம் நிகழ்ந்த அவ்வாய்வில் சென்னையும் ஓர் இடமாகப் பங்கு கொண்டது. தொற்றுடையவர் முன்கூட்டியே மருந்துண்டால், துணைவர்க்குத் தொற்றுதல் 96 விழுக்காடு குறையும் என அதனால் அறியலாயிற்று. மருந்தே தடுப்பும் ஆயிற்று. 2017 முதல் இந்தியாவில் தொற்றுக் கண்ட அனைவர்க்கும் உடனே மருந்து வழங்கும் முறை வந்தது. ஆனால் சோதனைக்கு வருதல், முடிவை அறிதல், மருந்தைத் தொடங்குதல், விடாது உண்ணல் என்னும் படிகள் ஒவ்வொன்றிலும் சிலர் நழுவுகின்றனர். அவர் ஏன் நழுவுகின்றனர் என்று எந்தக் குருதிச் சோதனையும் கூறாது. கூலி இழப்பா, பயணச் செலவா, வீட்டார் அறிவர் என்னும் அச்சமா, மருத்துவமனையிற் கேட்ட கடுஞ்சொல்லா என அவரையே கேட்டறிதல் வேண்டும்.

9. முடிவுரை

2017-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றிற்று. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அது நடைமுறைக்கு வந்தது. உடன்பாடின்றிச் சோதித்தலையும், தொற்றுச் செய்தியைப் பிறர்க்கு வெளிப்படுத்தலையும், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் வேறுபாடு காட்டலையும் அச்சட்டம் தடுக்கின்றது. மருந்தளித்தல் பற்றிய பிரிவில் இயன்ற அளவு என்னும் தொடர் இடம்பெற்றமைக்குத் தொற்றுடையோர் எதிர்ப்புத் தெரிவித்ததும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1989-ஆம் ஆண்டு மசோதாவையும் இச்சட்டத்தையும் அருகருகே வைத்து நோக்குவார், நாடு கற்ற பாடத்தை ஒருங்கே காண்பர். முன்னதில் தொற்றுடையவர் காக்கப்பட வேண்டிய சமுதாயத்திற்குப் புறம்பானவர். பின்னதில் அவரும் அச்சமுதாயத்தினர்.

மேற்கூறியவற்றால் தெளிந்த முடிவுகள் மூன்று. ஒன்று, 1986-இல் காப்பகத்திலும் பின்னர் அரசு மருத்துவமனைகளிலும் கிடைத்த மாதிரிகள் உண்மையே கூறின; ஆனால் அவ்விடத்து உண்மையை மட்டும் கூறின. அதனைப் பொது உண்மை எனக் கொண்டமையே பிழைக்குக் காரணம். இரண்டு, சோனாகாச்சியிலும் தமிழகத்திலும் பணி சிறந்தது, அவ்விடத்து வாழ்க்கையை அறிந்து முறையை அமைத்துக்கொண்டமையால். மூன்று, மக்களை மதித்துக் கேட்டல் அறத்தின்பாற் பட்டதாதலோடு, மெய்ம்மை காணும் வழியும் ஆகும். அஞ்சியவன் தரும் விடையின்மேற் கட்டிய எத்திட்டமும் நில்லாது.

தமிழ்த் துறையார்க்கு உரிய பணி ஒன்றும் இதனுள் எஞ்சியுள்ளது. இம்முப்பதாண்டுகளில் அச்சிடப்பட்ட துண்டு வெளியீடுகள், சுவரொட்டிகள், தெருக்கூத்து வடிவில் நிகழ்ந்த விழிப்புணர்வு நாடகங்கள், களப்பணியாளர் கையாண்ட வினாநிரல்கள் ஆகியவை தமிழ் உரைநடை வரலாற்றின் பகுதிகள்; பேச்சு வழக்கும் அரசு வழக்கும் மோதி இயைந்த இடங்கள். அவற்றினும் அரியது, இந்நோயோடு வாழ்ந்தும் பணியாற்றியும் வந்த மூத்தோர்தம் வாய்மொழி. தாள்கள் சிதைகின்றன; சொன்னவர் மறைகின்றனர். அவரை அணுகி, அவர் உடன்பாடு பெற்று, பெயர் மறைக்க வேண்டுவார் பெயரை மறைத்துத் தொகுத்து வைத்தல், பட்டமேற்படிப்பு மாணவர் மேற்கொள்ளத்தக்க ஆராய்ச்சியாகும். அவ்வாறு தொகுக்கப்படாவிடின், பின்வருவோர்க்கு இவ்வரலாற்றின் சான்றாகக் குருதி மாதிரிகளின் எண்ணிக்கை மட்டுமே எஞ்சும்.